மூட்டை கேப்டனுக்காகப் பருந்து மாமா பேசியது

என்ன, எல்லாரும் வந்து சேந்தாச்சா? நல்லா இருக்கீங்களா? பின்னாடி நிக்கிறவங்களே, சௌக்கியமா? இழவுக்கு வந்தவங்கள நல்லா இருக்கீங்களான்னு கேக்கக் கூடாதும்பாங்க. நான் கேப்பேன். உசுரோட இருக்கும்போதே கேட்டுக்கணும். போன மாசம் இதே விமானக் கொட்டகையில, இதோ இந்தத் தூணுக்குப் பக்கத்துல நின்னு, “மாமா, முட்டி வலி எப்படி இருக்கு?”ன்னு அவரு கேட்டாரு. நான் முட்டியில ஆரம்பிச்சு முதுகு வழியா கழுத்து வரைக்கும் சொல்லி முடிச்சேன். நின்னு முழுசும் கேட்டாரு. இன்னிக்கு முட்டி அப்படியேதான் இருக்கு. கேட்ட மனுசன் படத்துல இருக்காரு.

மேடையில இருக்கிற தளபதி ஐயா அவர்களே! வரிசையா உக்காந்திருக்கிற விமானிங்களே! கையில கிரீஸ் வாசம் போகாத மெக்கானிக் தம்பிங்களே! எங்க தெருவுலேருந்து வந்திருக்கிற அக்கா தங்கச்சிங்களே! முன் வரிசையில அழாம உக்காந்திருக்கிற அவரு சம்சாரம், என் மகளுக்குச் சமமான பொண்ணே! அப்புறம், தளபதிக்குப் பக்கத்து நாற்காலியில, ஆள் உசரத்துக்கு மலர்வளையம் கொண்டாந்து வெச்சுட்டு உக்காந்திருக்கிற கோழிப்பண்ணை முதலாளி அவர்களே! உங்களுக்குத் தனியா ஒரு வணக்கம். நீங்க இன்னிக்கு வரணும்னு நான் ரொம்ப ஆசைப்பட்டேன். வந்துட்டீங்க. நகராம உக்காருங்க. உங்களப் பத்தின பேச்சு பின்னாடி வருது.

என்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நான் இந்தத் தளத்துல பருந்து விரட்டுறவன். ஒரு ஜீப்பு, ஒரு வெடித் துப்பாக்கி, இடுப்புல ஒரு வாக்கி டாக்கி. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடுபாதை மேல பறவை இல்லாமப் பாத்துக்கணும். அவ்வளவுதான் என் உத்தியோகம். பள்ளிக்கூடம் போனதில்ல. “சுருக்கமாப் பேசுங்க”ன்னு தளபதி ஐயா சொல்லித்தான் மேடை ஏத்தினாரு. சுருக்கமாப் பேச நான் என்ன தந்தியா ஐயா? அவரப் பத்திச் சுருக்கமாச் சொல்ல முடியுமா? சொல்லத்தான் விடுவேனா?

முன் வரிசையில ஒரு நாற்காலி காலியா இருக்கே, பாத்தீங்களா? அது அவரு பக்கத்துல உக்காந்து ஓட்டின துணை விமானி, நாங்க தங்கச்சின்னு கூப்பிடற பொண்ணோட நாற்காலி. கன்னத்துல போட்ட தையலோட அவ இப்ப வெளிய விமானத்துல உக்காந்திருக்கா. மலையில மண் சரிஞ்சு ரோடு போச்சுல்ல, அங்க மாட்டிக்கிட்ட ஜனங்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டு போறா. அவரு கொண்டு போயி சேக்காத அதே மூட்டைங்க. கிளம்பும்போது என்னைக் கூப்பிடுவா. கூப்பிட்டா நான் போயிடுவேன், வார்த்தை வாயில பாதி இருந்தாலும். அவ பத்திரமா அந்த வேலியத் தாண்டணும். எனக்கு வேண்டியது அதுதான். இன்னொண்ணும் வேணும். அதையும் சொல்றேன், அவசரம் என்ன?

விமானப்படைன்னா என்னங்க? ஊசி மூக்கு வெச்சு, காது கிழியற சத்தத்தோட போகுமே, அந்தப் போர் விமானம்னு நினைக்கிறீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். இங்க வேலைக்குச் சேந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அது ஒரு கை மட்டும். உடம்பு பெருசு. அதோ மேட்டு மேல முறம் மாதிரி ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கே, ராடார், அது கண்ணு. எல்லையில வேத்து விமானம் தலை காட்டினா அதுதான் முதல்ல பாக்கும். ஓடுபாதை முடியற இடத்துல பெரிய வலை ஒண்ணு படுத்துக் கெடக்கு. பிரேக் பிடிக்காத விமானத்த எந்திரிச்சு நின்னு பிடிச்சுக்கும், மீன் பிடிக்கிற மாதிரி. ஹெலிகாப்டர் இருக்கு, வெள்ளத்துல கூரை மேல நிக்கிறவங்களத் தூக்க. ஏவுகணை இருக்கு, அதப் பத்தி நான் பேசினா தளபதி ஐயா என்னைத் தூக்கிடுவாரு. இதுக்கெல்லாம் நடுவுல வயிறு பெருத்து, ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்திக்கிட்டு ஒண்ணு நிக்கும். சரக்கு விமானம். பாத்தா கர்ப்பமான எருமை மாதிரி இருக்கும். அதுதான் இந்த உடம்புக்கு வயிறு. அதுதான் நம்ம ஆளோட வண்டி.

போர் விமானம் ஓட்டற பசங்க அவரக் கேலி பண்ணுவாங்க. “என்ன பார்சல் சர்வீஸ், இன்னிக்கு எந்த ஊரு லோடு?”ம்பாங்க. அவரு சிரிச்சுக்கிட்டே, “உங்க சாப்பாடுதான் தம்பி, வேணாம்னா திருப்பிக் கொண்டு போயிடறேன்”பாரு.

அப்படிக் கேலி பண்ணினவங்கள்ல ஒருத்தரு, அதோ மூணாவது வரிசையில மூக்கச் சிந்திக்கிட்டு இருக்காரே, அவரு விமானம் காட்டு மேல தீப்பிடிச்சுப் போச்சு. சீட்டோட வெளிய வந்து, பாராசூட்டு விரிஞ்சு, ஒரு பெரிய மரத்துல போயித் தொங்கிட்டாரு. ஹெலிகாப்டர் வர நேரமாகும். பக்கத்துல பறந்துக்கிட்டு இருந்தது நம்ம பார்சல் சர்வீஸ். அந்த எருமைய ஓட்டிக்கிட்டு மரத்துக்கு மேல வட்டம் போட்டு, ரேடியோவுல கேட்டாரு பாருங்க: “என்ன தம்பி, பஸ்ஸ விட்டுட்டீங்களா?” தொங்கிக்கிட்டு இருந்தவரு அந்த நெலமையிலயும் சிரிச்சிருக்காரு. ஹெலிகாப்டர் வந்து தூக்கற வரைக்கும் அந்த இடத்த விட்டு நகரல. எரிபொருள் தீருதுன்னு மத்தவங்க கத்தறாங்க. “எறக்கி விட்டுட்டுத்தான் வருவேன்”னாரு. ஏன் தம்பி, அப்படித்தானே? தலைய ஆட்டறாரு.

மூட்டை கேப்டன்னு அவருக்கு எங்க தெருவுல பேரு. அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னா, ஆகாசத்துலேருந்து அரிசி மூட்டையப் போட்டா தரையில பட்டு வெடிச்சிடும். பாதி அரிசி மண்ணோட போயிடும். எல்லா மூட்டைக்கும் பாராசூட்டு கட்ட முடியாது. அதனால சின்ன மூட்டைய பெரிய சாக்குக்குள்ள போட்டு, அதை இன்னொரு சாக்குக்குள்ள லூசாப் போட்டுத் தெச்சா, உள்ள வெடிச்சாலும் வெளி சாக்கு தாங்கிக்கும். அது படையில முன்னாடியே உள்ள வழக்கம்தான். அவரு என்ன பண்ணாரு? அந்தத் தையல் வேலைய எங்க தெருப் பொம்பளைங்களுக்கு வாங்கிக் குடுத்தாரு. வாங்கிக் குடுத்ததோட நிக்கல. ஒவ்வொரு மூட்டையத் தூக்கும்போதும், “இது யாரு தெச்சது?”ன்னு கேட்டுட்டுத்தான் ஏத்துவாரு. திரும்பி வந்து எங்க தெருவுல ஜீப்ப நிறுத்தி, “அக்கா, உங்க தையல் தாங்கிடுச்சு! ஒரு மணி கூட சிந்தல!”ன்னு கத்திச் சொல்லிட்டுப் போவாரு. என் வீட்டுக்காரி நான் தாலி கட்டினப்பக் கூட அப்படிச் சிரிச்சதில்ல.

முதலாளி, போன் அடிக்குதா? எடுக்காதீங்க. இரங்கல் கூட்டம். வாசல்ல போர்டே வெச்சிருக்காங்க. அடிச்சா அடிக்கட்டும்.

எனக்கும் அவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. விமானம் ஓடுபாதைக்கு வந்து நின்னதும், கோபுரத்துல இருக்கிறவங்க என்னதான் அனுமதி குடுத்தாலும், அவரு என்னைக் கூப்பிடுவாரு. “மாமா, உங்க சொந்தக்காரங்க யாராச்சும் வந்திருக்காங்களா?” சொந்தக்காரங்கன்னா பருந்துங்க. நாள் முழுக்க அதுங்களோட மல்லுக்கட்டறதால எனக்குச் சொந்தமாயிடுச்சாம். நான் வானத்தச் சுத்திப் பாத்துட்டு, “எல்லாரும் கிளம்பிட்டாங்க மாப்ள. நீ கிளம்பு”ம்பேன். அந்த வார்த்தை கேக்காம அவரு ஒரு நாளும் கிளம்பினதில்ல. ஒரு தடவை பெரிய அதிகாரி ஒருத்தர் விமானத்துல உக்காந்துக்கிட்டு, என்ன தாமதம்னு கத்தியிருக்காரு. “எங்க மாமா இன்னும் வழியனுப்பல சார்”னு சொல்லியிருக்காரு.

இப்ப வேலிக்கு வருவோம். ஓடுபாதை முடிஞ்சு, வலை தாண்டி, முள்கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் முதலாளியோட நிலம். அங்க என்ன இருக்கு? கோழித் தலை, கோழிக் குடல், செத்த கோழி. லாரி லாரியாக் கொண்டாந்து கொட்டறாரு. மூடறதில்ல, எரிக்கிறதில்ல. நாடு பூரா இருக்கிற பருந்துக்கு அங்கதான் பந்தி.

அவரும் நானும் முதலாளி வீட்டுக்குப் போனோம். ஆத்துக்கு அந்தப் பக்கம், புதுசாக் கட்டின மாளிகை. வெள்ளைக் கல்லுத் தரை, நாக்க வெச்சு நக்கலாம் போல. நீச்சல் குளம், புல்வெளி, வெள்ளை நாற்காலி. வாசல்லயே காவல்காரரு நிறுத்தி, “செருப்பு, பூட்ஸ் எல்லாம் கழட்டுங்க. தரை அழுக்காயிடும்”னாரு. நான் செருப்பு, கழட்டிட்டேன். இவரு சீருடையில நிக்கிறாரு. நாட்டுக்கே காவல் நிக்கிற மனுசன், குனிஞ்சு பூட்ஸு கயித்த அவுத்தாரு. சாக்ஸ்ல பெருவிரல் கிட்ட ஓட்டை. அந்த ஓட்டைய மறைக்க ஒரு கால் மேல இன்னொரு கால வெச்சுக்கிட்டு நின்னு பேசினாரு. உக்காரச் சொல்லல.

“சார், ஒரு பருந்து ஒரு கிலோ இருக்கும். நாங்க போற வேகத்துக்கு அது பறவை இல்ல, பாறாங்கல்லு”ன்னாரு.

முதலாளி என்ன சொன்னாரு தெரியுமா? “அப்ப மெதுவாப் போங்க.”

இவரு பொறுமையா, “மெதுவாப் போனா விமானம் விழுந்துடும் சார்”னாரு.

“ஆகாசம் உங்களுது, பூமி என்னுது. என் பூமியில நான் கொட்டறேன். பருந்து வருதுன்னா? நானா அதுங்களுக்குக் கடிதாசி போட்டுக் கூப்பிட்டேன்?”

ஞாபகம் இருக்கா முதலாளி? நீங்க மறந்திருப்பீங்க. அந்தக் கடிதாசிய நான் மறக்கல.

அவரு விடல. திரும்பத் திரும்பப் போனாரு. தளபதி ஐயாவும் பேசிப் பாத்தாரு. கடைசியில முதலாளி ஒரு வார்த்தை குடுத்தாரு. விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி தளத்துல சைரன் ஊதும், அது கேட்டா லாரி நின்னுடும், விமானம் போனப்புறம்தான் கொட்டும். அந்த வார்த்தைய நம்பித்தான் அவரு பறந்தாரு.

அன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சு? சைரன் ஊதியாச்சு. “மாமா, சொந்தக்காரங்க?”ன்னாரு. ரெண்டு பருந்து கிழக்கால சுத்துது. “கொஞ்சம் இரு மாப்ள”ன்னேன். ரெண்டு வெடி போட்டேன், போயிடுச்சுங்க. வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. “கிளம்பிட்டாங்க. நீ கிளம்பு”ன்னேன். விமானம் ஓட ஆரம்பிச்சிடுச்சு. தரைய விட்டு எழும்பற நேரத்துல, வேலிக்கு அந்தப் பக்கம் லாரி வருது. நிக்கல! சைரன் கேட்டும் நிக்கல! பின்பக்கத்தத் தூக்கிக் கொட்டுது. கொட்டின உடனே மரத்துலேருந்தும், மேட்டுலேருந்தும், எங்கெங்கேருந்தோ பருந்துங்க கூட்டமாப் பாயுதுங்க. அதுக்குள்ள விமானம் போகுது.

ஒண்ணு இன்ஜின்ல. ஒண்ணு கண்ணாடிய உடைச்சுக்கிட்டு அவரு மேல. கண்ணாடித் துண்டு கழுத்துல. அந்த நெலமையிலயும் தங்கச்சியும் அவருமா விமானத்தத் திருப்பி, சுத்திக் கொண்டாந்து இறக்கி, ஓடுபாதையில நிறுத்தினாங்க. நான்தான் முதல்ல ஓடிப் போனேன். பிரேக் மேல அவரு கால் அழுத்தி இருந்துச்சு. உசுரு போயிடுச்சு, கால் எடுக்கல. நான்தான் அந்தப் பூட்ஸு காலத் தூக்கி வெச்சேன். சீட்டுப் பட்டையத் தளர்த்தி அவர வெளிய எடுத்தேன், பூட்ஸோட. வெள்ளைக் கல்லுத் தரைக்காகக் கழட்டின அதே பூட்ஸு!

அவரு சம்சாரம் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. “அந்த மூட்டைங்க போய்ச் சேந்துச்சா மாமா?”

எனக்கு முன்னாடி பேசினவரு, விபத்துன்னாரு. விபத்தா? இயற்கையோட செயல்னாரு. எந்த இயற்கை லாரி ஓட்டும்? மன்னிக்கிறதுதான் பெருந்தன்மைன்னாரு. மன்னிக்க மாட்டேன்! வந்து கேக்காதவன எதுக்கு மன்னிக்கணும்? கேட்டாலும் மன்னிக்க மாட்டேன். அடக்கம் முடியறதுக்குள்ள, “வெடி போடறவன் தூங்கிட்டான், அதான் இப்படி ஆச்சு”ன்னு ஊரெல்லாம் பேச்சு. பேச்சுக்குக் காலு எந்தப் பக்கத்துலேருந்து முளைச்சுதுன்னு எனக்குத் தெரியும். நான் தூங்கினேன்னு சொல்லட்டும், வலிக்கல. என் மேல பழி போட்டுட்டு, மறுநாளே அதே இடத்துல அடுத்த லோடு கொட்டினீங்களே முதலாளி, அதுதான் வலிக்குது! மலர்வளையம் பாருங்க. அவரு பேரு சின்னதா, கம்பெனி பேரு தங்க எழுத்துல பெருசா. இது அஞ்சலியா, விளம்பரமா?

அன்னிக்கு லாரி ஓட்டின டிரைவர் என் வீட்டு வாசல்ல வந்து உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. “அண்ணே, சைரன் கேட்டதும் வழியிலயே நான் நிறுத்தினேன். முதலாளி போன்ல, ‘சைரனும் மயிரும், நாறுது, கொட்டிட்டு வா’ன்னாரு. கொட்டிட்டேன்”னாரு. நான் அவர அடிக்கத்தான் எந்திரிச்சேன். அப்புறம் உக்காந்துட்டேன். கைய எதுக்கு வீணாக்கணும்? இந்தக் கைய சரியான இடத்துல வெப்போம்னு சொன்னேன்.

ஏன் முதலாளி எந்திரிக்கிறீங்க? போன் நிக்காம அடிக்குதா? உக்காருங்க. தளபதி ஐயா, அவர உக்காரச் சொல்லுங்க. இரங்கல் கூட்டத்துல பாதியில எந்திரிச்சுப் போறது செத்தவருக்கு அவமரியாதை இல்லையா? போன் பண்றது யாருன்னு நானே சொல்லிடறேன். உங்க வீட்டுக் காவல்காரரு.

எங்க தெருப் பொம்பளைங்க எல்லாம் வந்திருக்காங்க, ஆம்பளை ஒருத்தரையும் காணோமேன்னு யாராச்சும் யோசிச்சீங்களா? விடிஞ்சதுலேருந்து அவங்க வேலிக்கு அந்தப் பக்கம் மம்பட்டியும் கூடையுமா நிக்கிறாங்க. அந்தக் குப்பைய வழிச்சு வழிச்சு லாரியில ஏத்தறாங்க. எந்த லாரி? முதலாளியோட லாரி. யாரு ஓட்டறது? அதே டிரைவர். கடைசியா ஒரு நாள் வேலை பாத்துட்டு நின்னுக்கறேன்னாரு. எங்க போகுது? ஆத்துக்கு அந்தப் பக்கம். விமானம் போற பாதைக்கும் அந்தப் பக்கத்துக்கும் சம்பந்தமே இல்ல, தங்கச்சிகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் செஞ்சோம். காவல்காரரு கேட்டத் திறக்காம இருப்பாரா? முதலாளி லாரியாச்சே! வெள்ளைக் கல்லு மேல, புல்வெளி மேல, நீச்சல் குளத்துல, வெள்ளை நாற்காலி மேல. ஒரு லோடு இல்ல. நான் இங்க முட்டி வலியில ஆரம்பிச்சதுலேருந்து போய்ப் போய் வந்துக்கிட்டு இருக்கு. இந்தக் கிழவன் ஏன் இப்படி வளவளன்னு பேசறான்னு பல்லக் கடிச்சவங்களே, இப்பப் புரியுதா? அவரு இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாதுல்ல!

டிரைவர்கிட்ட ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லி அனுப்பினேன். உள்ள போகும்போது செருப்பக் கழட்டாதேன்னு.

தளபதி ஐயா என்னை முறைக்கிறாரு. வேலைய விட்டுத் தூக்குங்க ஐயா, சந்தோசமாப் போறேன். முதலாளி, கேஸ் போடுங்க. என்னன்னு போடுவீங்க? உங்க லாரி, உங்க டிரைவர், உங்க கழிவு, உங்க வாசல். உங்க பூமியிலேருந்து உங்க பூமிக்கே வந்திருக்கு. இதுல எங்க குத்தம் என்ன?

மூட்டை கேப்டனே! படத்துலேருந்து கேட்டுக்கோ மாப்ள. உன் மூட்டை போய்ச் சேரும். எங்க தெருத் தையல் தாங்கும். வேலிக்குப் பக்கத்துல இனிமே ஒரு கோழிச் சிறகு விழுந்தாலும் அது விழுந்த கையோட திரும்பிப் போகும், அதே வெள்ளைத் தரைக்கு. நாளைக்குக் கொட்டினா நாளைக்கு. அடுத்த வருசம் கொட்டினா அடுத்த வருசம். நான் செத்தா என் இடத்துல நிக்கிறவன் கொண்டு போவான். இது இரங்கல் தீர்மானம் இல்லீங்க, இது சபதம்! எல்லாரும் எந்திரிச்சு நின்னு என்னோட சேந்து சொல்லுங்க. இந்த ஓடுபாதை மேல, எங்க கண்ணு முன்னாடி, இனிமே ஒரு விமானம் கூட...

“மாமா, கேக்குதா? ஓடுபாதைக்கு வந்துட்டேன். சொந்தக்காரங்க யாராச்சும் வந்திருக்காங்களா?”

கேக்குதும்மா. இரு. வெளிய வந்து வானத்தப் பாத்துட்டுத்தான் சொல்வேன்.

நான் வரேங்க, பொண்ணு கூப்பிடறா. வழி விடுங்க, வழி விடுங்க. முதலாளி, நீங்களும் வாங்க, இப்ப எந்திரிக்கலாம். இந்தாங்க, கொட்டகை வாசல்லேருந்தே நல்லாத் தெரியுது. கிழக்க ஒண்ணும் இல்ல. வேலிப் பக்கம் ஒண்ணும் இல்ல. அதோ, ஆத்துக்கு அந்தப் பக்கம், கருப்பா, மேகம் மாதிரி சுத்துதே, பாத்தீங்களா? உங்க மாடிதான். சத்தியமாச் சொல்றேன் முதலாளி, நாங்க யாரும் அதுங்களுக்குக் கடிதாசி போட்டு...

“மாமா! கிளம்பட்டுமா?”